கடல் இருக்கிற பக்கம் கிழக்கு

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணவில்லையே என்று இரண்டொருவர் விசாரித்ததாக ஆசிரியர் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு என் நமஸ்காரம். உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் வீக்-எண்ட் போயிருந்தேன்.

சிரிக்காதீர்கள். வீக்-எண்ட் என்பது போகிற இடமா, செய்கிற காரியமா என்று எனக்கும் வெகுநாள் புரியாமல்தான் இருந்தது. எங்கள் ஆபீஸ் துரை அடிக்கடி சொல்வார். சனிக்கிழமை மத்தியானம் தொப்பியை மாட்டிக்கொண்டு துரைசானியோடு எங்கேயாவது கடற்கரைக்குப் போவது, மணலில் மல்லாந்து படுப்பது, திங்கட்கிழமை மூக்கெல்லாம் சிவந்து திரும்பி வருவது — இதற்குத்தான் அந்தப் பெயர். மூக்குச் சிவக்க இவ்வளவு தூரம் போவானேன் என்று நான் நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை. துரை அல்லவா?

அப்படிப்பட்ட என்னை, டாக்டர் ஒரு பக்கமும் என் மனைவி ஒரு பக்கமுமாகச் சேர்ந்து கடலுக்குத் தள்ளிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். என் மகள் வள்ளிக்கு ஆறு வயது. ஐப்பசி மாதம் அவளுக்கு ஜுரம் கண்டது. கல்கத்தா ஜுரம் எப்படிப்பட்டது என்று இங்கே குடித்தனம் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எங்களுக்கு யாருமே சொல்ல வேண்டாம். இவளுக்கு முன்னால் பிறந்த பையனை இதே பவானிப்பூர் வீட்டில், இதே ஜுரத்துக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. இங்கேயும் அவ்வளவுதான்.

வள்ளியை முருகன் காப்பாற்றிக் கொடுத்துவிட்டான். ஆனால் பாருங்கள், ஜுரம் போகிறபோது குழந்தையின் பசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது! ஒரு வாய் வாங்குவாள். இரண்டாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செண்பகம் — என் மனைவி — கதை சொல்வாள், காக்காயைக் காட்டுவாள், தெருவில் போகிற ட்ராமைக் காட்டுவாள். ட்ராம் காளிகாட் போய்த் திரும்பி வந்துவிடும். அந்த ஒரு வாய் அப்படியே கன்னத்தில் இருக்கும். மார்கழி பிறந்தும் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வங்காளி டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கடைசியில் 'கடல் காற்று' என்றார்.

அவர் சொல்வதற்கு முன்னாலேயே செண்பகம் கடலைத் தீர்மானம் செய்தாகிவிட்டது. ஜுரம் உச்சத்தில் இருந்த ஒரு காலையில் மொட்டைமாடிக்குப் போய்ச் சூரியனைப் பார்த்து வேண்டிக்கொண்டாளாம். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால், கங்கை கடலில் சேருகிற இடத்தில், தைப்பொங்கலன்று, உன் முகத்தைப் பார்த்துப் பொங்கலிடுகிறேன் என்று.

அந்த இடத்துக்குச் சாகர் தீவு என்று பெயர். ஹூக்ளி நதி கடலில் விழுகிற வாயில், மணலும் சேறும் காடுமாகக் கிடக்கிற சின்னத் தீவு. பகீரதன் கங்கையை இங்கேதான் கொண்டுவந்து, சாம்பலாய்க் கிடந்த தன் முன்னோர்களைக் கரையேற்றினான் என்கிறார்கள். வருஷம் முழுவதும் ஈ காக்காய் இருக்காது. சங்கராந்தி ஸ்நானத்துக்கு மட்டும் தேசத்தில் பாதி அங்கே வந்து நிற்கும். நம் பொங்கலும் அவர்கள் சங்கராந்தியும் ஒரே நாள். இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சூரியனுக்கு உரிய கிழமை! இதற்கு மேல் என்ன உத்தரவு வேண்டும்?

துரையிடம் சனிக்கிழமை லீவு கேட்டேன். எங்கே என்றார். குடும்பத்தோடு ஒரு தீவுக்கு, கடற்கரைக்கு என்றேன். மனிதருக்கு ஏக சந்தோஷம். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நான் மனுஷனாகிறேன் என்பதுபோல முதுகில் தட்டினார். கடலில் குளிப்பதற்கென்று தனியாக உடுப்பு உண்டு, அதை மறக்காதே என்று புத்தி சொன்னார். என்னிடம் நாலு முழத் துண்டு ஒன்று இருப்பதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

துணைக்கு எங்கள் தெருவிலிருந்து கிருஷ்ணையர் வந்தார். நாகப்பட்டினத்துக்காரர். அலிப்பூர் கோர்ட்டில் குமாஸ்தா. எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கொஞ்சம். அவருக்கு அதிகம். சாஸ்திரமும் தெரியும், சாஸ்திரத்தில் எங்கெங்கே சந்து இருக்கிறது என்பதும் தெரியும். கோர்ட் பழக்கம்.

ஸ்டீமரில் அதைக் கண்ணாரக் கண்டேன். அவர் மடிக்காரர். பிறர் கையால் சமைத்தது உதவாது. கப்பலில் அடுப்பு மூட்டவும் வழியில்லை. ஆகவே பொரியும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளுவது என்று கிளம்பியிருந்தார். டயமண்ட் ஹார்பர் தாண்டுவதற்குள் பழம் தீர்ந்துவிட்டது. பொரி நமுத்துவிட்டது. செண்பகம் புளியோதரை மூட்டையை அவிழ்த்தபோது ஐயர் ஆற்றை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்துக்கெல்லாம், கங்கையின் மேலே போகிறவனுக்குத் தேச ஆசாரம் கிடையாது, அவன் நிற்பது பூமியே அல்லவே என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தார். செண்பகம் அவருக்கும் ஒரு இலை போட்டாள். வள்ளி ஒரு வாய் வாங்கினாள். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வைத்த மிச்சத்தைப் பார்த்த செண்பகம், தன் இலையையும் மடித்துவிட்டாள்.

பனி என்றால் அப்படி ஒரு பனி. எதிரே வருகிற படகு நம் மேல் முட்டுகிற வரைக்கும் தெரியாது. ஸ்டீமர் பத்தடி போகும், நிற்கும், மாடு மாதிரி ஒரு தரம் கத்தும், மறுபடி பத்தடி. தீவில் போய் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. படகிலிருந்து முழங்காலளவு சேற்றில் இறங்கி, ஒருவர் துண்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, கோரைப்பாய் கட்டிய குடிசை ஒன்றில் போய் விழுந்தோம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம்... அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததற்கு எங்கள் மேல் மட்டும் பழி போடாதீர்கள் என்பதற்காகத்தான்.

விடிவதற்கு முன்னாலேயே மூவரும் குழந்தையைப் போர்த்திக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டோம். பனி கலையவில்லை. அலையின் சத்தம்தான் வழி காட்டிற்று. பக்கத்தில் நிற்கிறவர்கள் நிழல்போல் தெரிந்தார்கள். அதற்கப்பால் வெறும் இருமலும் 'கங்கா மாயீ' என்ற குரலும்தான்.

செண்பகம் முங்கி எழுந்து, ஈரத்தோடு வந்து மணலைக் கூட்டினாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பொங்கலுக்கு அடுப்புக்கட்டி என்று மூன்று மண்கட்டி செய்து, சுண்ணாம்பும் காவியும் பூசி வைப்பார்கள். அதைக் கல்கத்தாவிலேயே கங்கை மண்ணில் பிடித்து, காயவைத்து, பழம்புடவையில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிறமாதிரி தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஊரிலிருந்து வந்த ஒரு படி புதுப் பச்சரிசி. வெல்லத்துக்குப் பதில், இந்தக் குளிர்காலத்தில் இங்கே இறக்குகிற ஈச்சம்பனை வெல்லம். நொலேன் குர் என்பார்கள். வாசனை ஊரைக் கூட்டும். எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏங்க, கிழக்கு எது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. முகம் பாத்துன்னு நேந்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. திருச்செந்தூர்க் கடலில் முங்கி வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"கடல் இருக்குல்லா? அதான் கிழக்கு."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவள் பார்த்த ஒரே கடலும் அதுதானே. ஆனாலும் நேர்ச்சை ஆயிற்றே என்று ஐயரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னாள்.

"இதுல யோஜனை என்னம்மா இருக்கு? சமுத்திரம்னா கிழக்கு. நாகப்பட்டணத்திலே அப்படித்தான், செந்தூரிலே அப்படித்தான், மதராஸிலே அப்படித்தான். இங்கே மட்டும் பகவான் மாத்தி வெப்பானா?"

கல்கத்தாவில் தமிழர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று சங்கம் வைப்பார்கள் என்று நம்மைப் பற்றிச் சொல்வது உண்டு. நானும் ஐயரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. அன்றைக்கு ஒத்துப்போனோம். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

அடுப்பைக் கடலைப் பார்த்து வைத்தோம். பானையில் மஞ்சள் கொத்தைக் கட்டினாள். பாலும் ஜலமும் வார்த்து, தீயை மூட்டினாள். பனியில் நனைந்த விறகு. புகைதான் முதலில் பொங்கிற்று. நானும் ஐயரும் மண்டியிட்டு முறை வைத்து ஊதினோம்.

ஊதாத நேரத்தில் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு வேடிக்கை! தண்ணீரில் இடுப்பளவு நிற்கிற ஜனங்கள் எல்லாரும் கடலைப் பார்க்காமல், கரையோரமாக இடது பக்கம் திரும்பி நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை — கண்ணுக்குத் தெரிந்த அத்தனை பேரும். பாவம், இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு குளிரில் நின்று, திசை தெரியாமல் கும்பிடுகிறார்களே என்று என் மனசு இளகிப்போயிற்று. ஐயரிடம் மெதுவாகச் சொன்னேன். அவரும் பார்த்துவிட்டு, பக்தி இருக்கிறது, ஞானம் போதாது என்று வருத்தப்பட்டார். இவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். ஜனம் அதிகமாக இருந்ததால் சொல்லவில்லை. அந்த மட்டும் தெய்வம் எங்களைக் காப்பாற்றியது.

ஒரு வங்காளிப் பெரியவர் எங்கள் அடுப்பருகே நின்று, பானையையும் கடலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தா வைப்பீர்கள் என்று கேட்டார். ஆமாம், எங்கள் தேசத்தில் இதுதான் வழக்கம் என்றேன், கொஞ்சம் மார்பை நிமிர்த்திக்கொண்டு. மதராஸ்காரர்கள் என்று தெரிந்ததும் அவர் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பால் பொங்கிற்று.

அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெதுவாக ஏறி, பானை விளிம்பில் ஒரு நிமிஷம் யோசித்து, கடல் பக்கமாக, சரியாக நடு மத்தியில் வெள்ளையாய் வழிந்தது. செண்பகம் குலவையிட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற அந்த மங்கல ஓசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கல்கத்தாவில் வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பயந்து இத்தனை வருஷமாக அவள் அதைத் தொண்டையிலேயே வைத்திருந்தாள் போல. அப்படி ஒரு குலவை.

அப்போது நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செடுக்கிறது. பனிக்குள்ளிருந்து ஒரு பெண் பதில் குலவை கொடுத்தாள். வங்காளிப் பெண்களுக்கும் அந்த வழக்கம் உண்டு, உலு என்பார்கள். பிறகு இன்னொருத்தி. பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தண்ணீருக்குள்ளிருந்து... யாரையும் பார்க்க முடியவில்லை. கரை முழுவதும் குலவை. யார் வீட்டுப் பானையோ, என்ன நேர்ச்சையோ, அவர்களுக்குத் தெரியாது. ஒரு வீட்டில் ஏதோ நல்லது நடக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு கொடுத்தார்கள். வள்ளி போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

கிழக்கே பொங்கியிருக்கிறது, இதைவிடச் சுபம் கிடையாது, உங்கள் பிரார்த்தனையைச் சூரிய பகவான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார் என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார். செண்பகத்துக்குக் கண்ணில் ஜலம். அரிசியைப் போட்டுக் கிளறி, வெல்லத்தைப் போட்டு, நெய்யை விட்டு இறக்கி வைத்தாள். ஈச்சம்பனை வெல்ல வாசனை பனியோடு பனியாக நின்றது. இனி சூரியன் முகம் காட்ட வேண்டியதுதான் பாக்கி. நான், ஐயர், செண்பகம் மூவரும் கடலைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றோம்.

நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம்.

பனி இளகிக் கடல் வெளுத்தது. சூரியனைக் காணோம்.

அப்போது பின்னாலிருந்து வள்ளி சொன்னாள்:

"அப்பா, சூரியன் தப்பான இடத்துல வருது."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் இடது தோளுக்கு நேராக, கரையோர மரங்களுக்கு மேலே, தாம்பாளம் மாதிரி சிவப்பாக எழும்பிக்கொண்டிருந்தார் பகவான். அத்தனை ஜனங்களும் அவரை நேருக்கு நேர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பராக்குப் பார்த்து நின்றது நாங்கள் மூன்று பேர்தான்.

யோசித்துப் பாருங்கள். கல்கத்தாவிலிருந்து ஆற்றோடு இறங்கினால் கடல் தெற்கேதான் இருக்க முடியும். என் ஆபீஸ் சுவரில் பெரிய மேப் ஒன்று தொங்குகிறது. தினம் அதன் கீழேதான் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாம் தெரியும். ஆனால் அலைச் சத்தம் காதில் விழுந்ததும் கால் தன்னால் கிழக்கு என்று நின்றுவிட்டதே, அதை என்ன சொல்ல?

தெற்கு.

தெற்கு யாருடைய திசை என்று நம்மில் யாருக்குத் தெரியாது? எருமை வாகனனுடைய திசை. பிள்ளை உயிர் பிழைத்ததற்காக வைத்த பொங்கல். அதை அவன் முகத்தைப் பார்த்து வைத்து, அவன் பக்கமாகவே பொங்கவிட்டு, குலவை வேறு போட்டிருக்கிறோம்.

செண்பகம் பானையைப் பார்த்தாள். தென்புறம் பால் வழிந்து காய்ந்த கோடு, வெள்ளையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

ஐயர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அதாவது, நின்ற இடத்திலேயே வாதாட ஆரம்பித்துவிட்டார். இதை முழுத் தெற்கு என்று சொல்லிவிட முடியாதாம். தை பிறக்கிற சமயத்தில் சூரியனே கொஞ்சம் தெற்கே ஒதுங்கித்தான் உதிக்கிறானாம். அவன் கொஞ்சம் நம் பக்கம் வந்திருக்கிறான், நாம் கொஞ்சம் அவன் பக்கம் போயிருக்கிறோம், நடுவில் சமரசம் செய்துகொள்ளலாமாம். அதுவும் போதாதென்றால், பானைக்கு முகம் என்று ஒன்று கிடையாது, அது உருண்டை. எந்தப் பக்கம் என்று எந்தச் சாட்சி சொல்வான்?

"சாமி, பால் எந்தப் பக்கம் வழிஞ்சுது?" என்றாள் செண்பகம்.

ஐயர் அந்தக் கோட்டை ஒரு தரம் குனிந்து பார்த்தார்.

"தெக்கே யாரு இருக்கா?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். "நம்ம ஊர்தான் இருக்கும்மா" என்றார் மெதுவாக. அது அந்த நேரத்துக்கு எவ்வளவு நல்ல பதில்! ஆனால் அவள் விடவில்லை.

"அதுக்கும் தெக்கே?"

ஐயர் பூணூலை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். சந்தையில் அரிசி கிடைக்கும், பால் கிடைக்கும், அடுப்பைத் திருப்பி வைத்து இன்னொரு பொங்கல் வைத்துவிடலாமே என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையில் விறகு இல்லாமலே அடுப்பு எரிந்திருக்கும்.

"வேற பொண்ணு கழுத்துல தாலியக் கட்டிப்போட்டு, இந்தா ஒனக்கும் ஒண்ணுன்னு வருவியளா? நல்லா இருக்கே நியாயம்."

அந்தக் கட்சி அதோடு தள்ளுபடி.

இந்தச் சமயத்தில்தான் வள்ளி வந்து பானையருகே உட்கார்ந்து கையை நீட்டினாள். பொங்கல் வேண்டுமாம். கேட்டாள், ஐயா! அவளாகக் கேட்டாள்! ஐப்பசியிலிருந்து அந்தக் குழந்தை வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டதில்லை. எத்தனை காக்காய், எத்தனை ட்ராம்! இப்போது வெல்ல வாசனைக்குக் கை நீட்டுகிறாள். செண்பகத்தின் கை அகப்பையைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

எப்படிக் கொடுப்பாள்? யமன் பக்கம் பொங்கினதை எடுத்துப் பிள்ளை வாயில் வைப்பதா? எப்படிக் கொடுக்காமல் இருப்பாள்? இந்த ஒரு வாய் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தது? நானும் கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன். ஐயருக்கே ஒரு சந்தும் அகப்படவில்லை.

செண்பகம் அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, வாழையிலையை இரண்டாகக் கிழித்தாள். ஒரு இலையைச் சூரியனுக்கு நேராகப் போட்டுப் பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினாள். எங்கள் வீட்டுக்காரருக்குத் திசை தெரியாது, நீர்தான் பொறுக்க வேண்டும் என்று அவரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் போட்டுவைத்தாள். அது நியாயம்தான்.

அடுத்த இலையை எடுத்துக்கொண்டு கடலோரம் போனாள். தெற்கே பார்த்து அதைப் போட்டாள். அதிலும் பொங்கல் வைத்தாள் — குறைத்து வைக்கவில்லை, நெய் கூட ஒரு கரண்டி அதிகம். சீர்வரிசையோடு வந்த சம்பந்தியைப் பந்தியில் உட்காரவைக்கிறமாதிரி. பிறகு நின்றபடியே, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"ஐயா தருமராசா, நீரு ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனீரு. அன்னைக்கு ஒமக்கு ஒண்ணும் வைக்கல்ல. வைக்கத் தோணல்ல. வெறும் வயித்தோட வந்து, எடுத்துக்கிட்டுப் போயிட்டீரு. இன்னைக்குத் தெரியாமத்தான் ஒம்ம பக்கம் பொங்கிட்டுது. பொங்கினது பொங்கினதா இருக்கட்டும். உக்காந்து வயிறாரச் சாப்பிடும். எங்கையால சாப்பிட்டுட்டு, எம்பிள்ளை மேல கை வைக்க ஒமக்கே வெக்கமா இருக்கும். அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, கல்யாணம் இருக்கு, பேரன் பேத்தி எடுக்கணும். அதுக்கப்புறமா வாரும்."

அந்தக் கூட்டத்தில், அந்த இரைச்சலில், அவள் குரல் ஒன்றுதான் எனக்குக் கேட்டது. எங்கள் பையனைப் பற்றி அவள் வாய்திறந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். புகை. ஈர விறகு.

அவள் திரும்பி வந்து, ஒரு தொன்னையில் பொங்கலை எடுத்து, ஊதி ஆறவைத்து, வள்ளி வாயில் ஒரு கவளம் வைத்தாள்.

வள்ளி தின்றாள். நாங்கள் மூவரும் கிட்டே குனிந்தோம். எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். அவள் முகத்தைத் திருப்பவில்லை. தொன்னையைக் கையில் வாங்கிக்கொண்டு, வழித்து நக்கிவிட்டு, "ஆர் ஏக்டு தாவோ" என்றாள். இன்னும் கொஞ்சம் கொடு என்று வங்காளியில். எங்கள் பெண்ணுக்குத் தமிழைவிட அதுதான் சரளம். மற்ற நாளானால் தமிழில் கேள் என்று நான் அதட்டியிருப்பேன். அன்றைக்கு அவள் சீன பாஷையில் கேட்டிருந்தாலும் எனக்குச் சம்மதம்.

ஐயரும் ஒரு தொன்னை வாங்கிக்கொண்டார். பாலில் வெந்ததற்குத் தோஷம் கிடையாது என்று அவராகவே சொல்லிக்கொண்டார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. பாதி சாப்பிட்டதும் என் காதருகே வந்து, அம்மா செய்ததற்குச் சாஸ்திரத்தில் நிச்சயம் இடமிருக்கிறது ஓய் என்றார். எந்தச் சாஸ்திரம் என்றேன். தேடிப் பார்க்க வேண்டும் என்றார்.

இதற்குள் கடல் ஏற ஆரம்பித்துவிட்டது. இந்தக் கரையில் கடல் ஏறுகிற வேகத்தை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. முதல் அலை இலையைத் தொட்டது. அடுத்தது அதை அப்படியே அலாக்காகத் தூக்கிக்கொண்டு போயிற்று. போன இடத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லை. சூரியனுக்கு வைத்த இலையில் காக்காய் உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம் சந்தையைப் பார்த்தோம், கபில முனி கோவிலில் இடிபட்டோம், வள்ளிக்கு ஒரு சங்கு வாங்கினோம். ஸ்டீமரில் திரும்பி வருகிறபோது அவள் ஐயர் மடியிலேயே தூங்கிவிட்டாள். அவருடைய மடி அதோடு போயிற்று. அதற்கு அவர் சந்து எதுவும் தேடவில்லை. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். துரை என் மூக்கைப் பார்த்தார். சிவக்கவில்லை என்று அவருக்கு ஏமாற்றம். வீக்-எண்ட் எப்படி என்று கேட்டார். நன்றாயிருந்தது ஸார், பெரிய இடத்து விருந்தாளி ஒருவர் சாப்பிட வந்திருந்தார் என்றேன். யாரோ ஜமீன்தார் என்று நினைத்துக்கொண்டார் போலும், மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

அந்த இலை விஷயத்தில் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. அது சாதாரண கடல் ஏற்றம், அந்த நேரத்தில் எந்த இலையை வைத்திருந்தாலும் போயிருக்கும் என்கிறார் ஐயர். சாப்பிட்டவர் இலையைத் தாமே எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவு மரியாதை தெரிந்தவர் இனி சொல் தவறமாட்டார் என்கிறாள் செண்பகம்.

நான் எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, உள்ளே குழந்தை இரண்டாம் தடவை சோறு கேட்கிறாள் — நான் அந்தக் கட்சி.